கடல்மட்டத்திலிருந்து ஒரு மலை ஓட்டம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமானது சேடில் பீக்: 732 மீட்டர். வடக்கு அந்தமானில், டிக்லிப்பூர் பக்கம் வனத்துறை அனுமதி பெற்றுக் கிளம்பினால், பாதை முதலில் கடற்கரையோரமாகப் போகும். பிறகு அடர்காட்டுக்குள் செங்குத்தாக ஏறும். சிகரத்துக்குச் சுமார் 8 கிலோமீட்டர்.

உயரம் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் ஏற்றம் ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே தொடங்குவதால் அந்த உயரம் முழுவதையும் ஏறியாக வேண்டும். மலை ஓட்டப் பந்தயம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2003இல் தொடங்கிய, ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் அல்ட்ரா எனப்படும் நெடுந்தூரப் பந்தயத்தில் சுமார் 170 கிலோமீட்டருக்குள் 10,000 மீட்டர் ஏற வேண்டும். சேடில் பீக்கை ஏறத்தாழ 14 முறை ஏறி இறங்குவதற்குச் சமம் அது.

ஆனால் மலை ஓட்டத்தில் பலரை முடக்குவது இறக்கம்தான். ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குவதால் அதன் இழைகள் சேதமாகின்றன. பயிற்சியிலேயே இறங்கிப் பழகியவர்களின் கால்கள் இதை நன்றாகத் தாங்கும்.

தீவில் ஈரக்காற்று வேறு. வியர்வை வழியும், ஆனால் எளிதில் ஆவியாகாது; உடல் குளிராது. 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் மெல்ல ஓடிப் பழகினால் ரத்தத்தில் பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். அவசரக்காரர்கள் தவறவிடக் கூடாத நாட்கள் இவை.

நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்கிறார்கள் விளையாட்டு உணவியலாளர்கள். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம்தான் இருக்கும். ஓடிக்கொண்டே உண்ண வயிற்றையும் பழக்க வேண்டும். தண்ணீரையோ தாகத்துக்கேற்பக் குடிப்பதே நல்லது. அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம்.