மலிந்தது நிக்கல்! நிலைக்குமா தேவை?

எண்ணூர் ஆலைத் தோழர் பகலில் திறக்கும் எவர்சில்வர் டிபன் கேரியர் துருவேறாமல் பளபளப்பது எதனால்? இரும்போடு கலந்த குரோமியத்தாலும் நிக்கலாலும்! உலக நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எவர்சில்வருக்கே போகிறது. நம் நாட்டில் நிக்கல் சுரங்கமில்லை, இறக்குமதிதான். அங்கே விலை ஏறினால் இங்கே பாத்திரக்கடையில் சுடும்!

2007இல் டன் 50,000 டாலரைத் தாண்டியது. ஆலைக்காரர் என்ன செய்தனர்? 8 விழுக்காடு நிக்கல் சேர்த்த இடத்தில் பாதியும் அதற்குக் குறைவுமாகச் சேர்த்து, மாங்கனீசால் ஈடுகட்டினர். சீனமோ, தரம் குறைந்த தாதுவை உருக்கி நிக்கல் கலந்த இரும்புக் கட்டியாக்கும் மலிவு வழி கண்டது. அந்த வழி இந்தோனேசியாவுக்குச் சென்றது. 2020இல் தாது ஏற்றுமதியைத் தடுத்த அந்நாடு, மண்ணை விற்காமல் உலோகமாக்கி விற்றது. அழுத்தத்தில் அமிலமிட்டு, மின்கலனுக்கேற்ற நிக்கலும் பிரித்தது. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான்! 2022 மார்ச்சில் ஒரு கணம் லட்சம் டாலரைத் தொட்ட விலை, 2024இல் பெரும்பாலும் 20,000க்குக் கீழே கிடந்தது. ஆஸ்திரேலியாவில் பி.எச்.பி. நிறுவனம் தன் நிக்கல் தொழிலையே நிறுத்தி வைத்தது.

விலை விழுந்தால் தேவை வளரும் என்பார்கள். எவர்சில்வரில் வளரும், மறுக்கவில்லை. மின்கலனில்? நிக்கலே வேண்டாத இரும்பு பாஸ்பேட் மின்கலன், 2024இல் உலக மின்கார்களில் ஏறத்தாழ பாதியைப் பிடித்துவிட்டது! விலை கண்டு மிரண்டு வேறு கடை பார்த்துக்கொண்டவன், விலை இறங்கியது என்றதும் ஓடிவருவானா? பாதிச் சரக்கு ஒரே நாட்டின் கையில். அது சுரங்க அனுமதியைச் சுருக்கினால் விலை மீண்டும் துள்ளும் என்பதை அவன் அறிவான்.

இன்னொன்றும் கேட்கிறோம்: மலிவு யாருக்கு? அந்த உலைகளை எரிப்பது நிலக்கரி. கரிச்சாம்பல் ஆற்றை என்ன செய்யும் என்பதை, கொசஸ்தலைக் கரையில் வலைவீசும் எண்ணூர் மீனவரைக் கேளுங்கள்! 2023 டிசம்பரில் மொரோவாலி உலையில் வெடி. 20க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். சாம்பலும் சாவும் விலைச்சீட்டில் ஏறுவதில்லை, அதனால்தான் மலிவு! ஏறும் நாள் வந்தால் மலிவும் கரையும்.

தோழர்களே! மலிவு முறை சந்தையைத் திறக்கும்; நிலையான விலையும் நேர்மையான கணக்குமே அதைக் காக்கும். சுரங்கமற்ற நமக்குப் பழைய எவர்சில்வரே சுரங்கம். உருக்கினால் நிக்கல் மீண்டும் கிடைக்கும். அதைத் திரட்ட ஆலைகள் எழட்டும்; அங்கே உழைப்பவன் உயிருக்கும் விலை வைக்கட்டும்!