சுமையிறக்கும் சொல்

இடருற்றார்க்குச் செய்யும் உதவியை ஆங்கிலர் ‘றிலீப்’ என்பர். நாம் அதனை ‘நிவாரணம்’ என மொழிபெயர்த்து வழங்கி வருகின்றோம். இரண்டும் ஒரு பொருளனவோ என்று ஆராயப் புகின், பிறப்பால் வேறு வேறு கருத்தின என்பது புலனாகும்.

‘றிலீப்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதன் மூலம் ‘றெலெவாறே’ என்னும் இலத்தீன் வினை. மீண்டும் உயர்த்துதல், பாரங் குறைத்தல் என்பது பொருள். அவ்வினைக்கு அடி ‘லெவிஸ்’. பாரமற்றது என்பது கருத்து. வடமொழி ‘லகு’ இதற்கு உடன்பிறப்பென மொழிநூலார் துணிவர். அந்த லகுவே ஈழநாட்டில் நாடோறும் ‘இலகு’ என நம் நாவில் வழங்குகின்றது. ஆகவே, ‘றிலீப்’ பெற்றவன் சுமை இலகுவாகப் பெற்றவன். (கல்லில் உருவங்களை எழும்பச் செதுக்கும் புடைப்புச் சிற்பத்துக்கும் அவர்கள் இப்பெயரே இட்டனர், உயர்த்துதல் என்னும் கருத்து அங்கே நிற்கின்றது.)

இதனை விளங்கிக்கொள்ள வட்டவளை மாணவருக்கு அகராதி வேண்டா. மழை மிகுந்த இம்மலையில், நனைந்த கொழுந்தின் பாரத்தை முதுகிலே தாங்கி ஏறிவரும் தாய், நிறுக்குமிடத்தில் அதனை இறக்கிவைக்கும் கணத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தமிழகத்துப் பழைய வழிகளில் நின்ற சுமைதாங்கிக் கல்லும் நினைக்கத்தக்கது. பிறர் கை வேண்டாது, வழிப்போக்கன் தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அதனை நாட்டினர் நம் முன்னோர். ‘றிலீப்’ என்பதற்கு இதனினும் நல்ல உரை நான் கண்டதில்லை.

‘நிவாரணம்’ தடுத்தல், விலக்குதல் என்னும் பொருளது. வடசொல் என்பதனால் குறை கூறுகின்றேனல்லேன். வழக்கில் அது பொதியின் பெயராய்ச் சுருங்கிவிட்டதே குறை. அரிசியும் பருப்பும் கைமாறியவுடன் ‘நிவாரணம் வழங்கப்பட்டது’ எனச் செய்தி எழுதுகின்றோம். 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. பொதிகள் சின்னாளில் வந்து சேர்ந்தன. புதிய வீடுகள் கையளிக்கப்பட்டதோ 2016இல். இடைப்பட்ட காலத்துக்கு எந்தச் சொல்லை இடுவது?

வள்ளுவர், நட்பின் இலக்கணம் கூறுமிடத்து, இடுக்கண் ‘களைதல்’ என்னும் வினையை ஆண்டார். அது உழவர் சொல். தேயிலை மலைக்கும் உரிய சொல். மேலே அரிந்துவிட்ட களை அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கும் என்பதைக் களையெடுத்துப் பழகியவர் அறிவர். ‘இடர்களைவு’ என்னும் சொல்லை மாணவர் தம் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் எழுதிப் பார்க்கலாம். ‘நிவாரணம் வழங்கப்பட்டது’ என்னுமிடத்தில் ‘இடர் களையப்பட்டது’ என்று வைத்தால், எத்தனை செய்திகள் அப்படியே அச்சேறத் தகும் என்பதும் அப்பொழுது தெரியவரும்.