உஷார்! மட்டாஞ்சேரியில் பழைய வீட்டில் தங்கப் போகிறீர்களா?

அட்வான்ஸ் அனுப்பப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள்!

கொச்சிக்குப் போனால் ஓட்டல் வேண்டாம், மட்டாஞ்சேரியில் பழைய காலத்து வீட்டில்தான் தங்க வேண்டும் என்று ஆசை. தப்பில்லை. 1568-இல் கட்டிய யூத ஜெபக்கூடம் கூப்பிடு தூரம். ஜன்னலைத் திறந்தால் சுக்கு, மிளகு வாசனை. முற்றத்தில் ஊஞ்சல். ஆனால் ஊஞ்சலைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் கட்டியது. கணவன், மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை, முழங்கால் வலியோடு மாமியார். சாயங்காலம் போய் இறங்கினால் வீட்டில் ஆளே இல்லை. "சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு" என்றது போன். மாடிக்கு ஏணி மாதிரி மரப்படி. பிடித்து ஏற ஒரு கயிறுகூட இல்லை. பாட்டியும் பேத்தியும் கீழறையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

நள்ளிரவு தாண்டி, முதுகு நனைந்து பாட்டி விழித்தார். மழை ஒரு துளி இல்லை. அறைக்குள் தண்ணீர்! தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஒரு சாண். பேத்தியைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "மெயினை அணைடா!" என்று மகனுக்குக் குரல் கொடுத்தார். மெயின் எங்கே? யாருக்குத் தெரியும்? மேனேஜர் போன் ஸ்விட்ச் ஆஃப். செல்போன் வெளிச்சத்தில் தேடி, பீரோவுக்குப் பின்னால் கண்டுபிடித்து அணைத்தார்கள்.

அது வேலியேற்றம். கடல் ஏறும்போது காயலும் வாய்க்காலும் சேர்ந்து ஏறி, தாழ்வான வீடுகளுக்குள் புகுந்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம். நாம் லீவுக்குப் போகும் அதே டிசம்பர்! அந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. வீட்டுக்காரர் கூட இருந்திருந்தால் படுக்கும் முன்பே சொல்லியிருப்பார்.

இதெல்லாம் கண்ணில் பட்டால் உஷார்!

வீட்டுக்காரர் அங்கே குடியில்லை. அப்படியானால் அது ஹோம்ஸ்டேயே இல்லை! கேரள சுற்றுலாத் துறை டைமண்ட், கோல்ட், சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"ஆப்ல வேண்டாம், இந்த நம்பருக்கு முழுசா அனுப்பிடுங்க" என்கிறார்கள். அனுப்பாதீர்கள்! ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள்.

போட்டோவில் ஊஞ்சல் உண்டு. பாத்ரூம், மாடிப்படி இல்லை. வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

சுவரின் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. கீழறையில் தண்ணீர் ஏறுமா என்று கேட்காமல் படுக்காதீர்கள்.

ஜன்னலெல்லாம் கம்பி, வெளியே போக ஒரே வாசல். தீப்பிடித்தால்?

கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லை. இரவுக்கு முன் வேறு இடம் பாருங்கள். ஆபத்து என்றால் 112.

போய் இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள்.

கிளம்பும் தேதி குறிக்கும்போது தினசரி காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பீர்களே, அதே தாளில் அமாவாசையா, பௌர்ணமியா என்றும் பார்த்துவிடுங்கள்!