கொல்லம்: ஐந்து நூற்றாண்டு நம்பிக்கையின் மேல் எழுந்த மறைமாவட்டம்

இந்தியத் துணைக்கண்டத்தின் முதலாவது கத்தோலிக்க மறைமாவட்டம் எது என்ற வினாவுக்குக் கோவா என்றோ மயிலாப்பூர் என்றோ விடை கூறுவோர் பலர். உண்மையில் அப்பெருமை கேரளத்தின் தென்பகுதியிலுள்ள கொல்லம் துறைமுக நகருக்கே உரியது. போர்த்துக்கேயர் இந்தியக் கரையில் கால் பதிப்பதற்கு 169 ஆண்டுகள் முன்னதாக, 1329ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் அதனை நிறுவினார். ஆயுத பலமோ ஆட்சி பலமோ துணைநில்லாத காலத்தில் இந்துக்களின் அரசிலே, முஸ்லிம் வணிகர் செழித்திருந்த நகரிலே ஓர் ஆயர் பீடம் எவ்வாறு தோன்றியது? தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களாக வாழும் எமது கிழக்குக் கரையில் இவ்வினாவை ஆராய்வது பயனுடையதாகும்.

கொல்லத்தின் வரலாறு மிளகின் வரலாறு. பாரசீகக் குடாவிலிருந்து சீனா செல்லும் கப்பல்கள் நீரும் சரக்கும் ஏற்றிக்கொள்ளும் இடமாக அது விளங்கியது. 9ஆம் நூற்றாண்டின் அரபு வணிகர் குறிப்புகளும், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவின் நூலும் இத்துறைமுகத்தைக் குறிப்பிடுகின்றன. மலையாளிகள் இன்றும் வழங்கும் கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. மார் சாபோர், மார் புரோத் என்னும் இரு ஆயர்கள் அக்காலத்தையொட்டிப் பாரசீகத் திசையிலிருந்து இங்கு வந்தனர் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபுச் செய்தி.

மரபுச் செய்திக்கு அப்பால் கல்லும் செம்பும் பேசும் சான்றும் உண்டு. அதுவே தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் இதனை வழங்கினார். மருவான் சபீர் ஈசோ என்னும் கிறிஸ்தவ வணிகர் கட்டிய தேவாலயத்திற்கு நிலமும் குடிகளும் வரிவிலக்கும் அளிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. எழுதப்பட்ட எழுத்து வட்டெழுத்து. மொழியோ தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. தேவாலயத்தை அது 'பள்ளி' என்று அழைக்கிறது. எமது முஸ்லிம் ஊர்களில் தொழுகைக்குரிய இடத்தைக் குறிக்கும் அதே சொல்லே அங்கு சிலுவை நிற்கும் இடத்தையும் குறித்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இச்செப்பேட்டின் சிறப்பு அதன் இறுதியில் இருக்கிறது. சாட்சிகளில் பதினொருவர் கூபி அரபு எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். பதின்மர் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்திலும், நால்வர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். அதாவது ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் உரிமைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் ஜொராஸ்திரியர்களும் சாட்சி நின்றனர். இந்து அரசன் அதனை வழங்கினான். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்கள் அவ்வுரிமைக்குக் காவலாக நியமிக்கப்பட்டன. இவற்றுள் அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த பல சமய வணிகரின் அமைப்பு என்பது ஆய்வாளர் கருத்து. இவ்விரு பெயர்களையும் தமிழகக் கல்வெட்டுகளிலும் காணலாம்.

சாட்சி வெறும் சடங்காக இருக்கவில்லை. அளக்கும், நிறுக்கும் கருவிகளைப் பேணும் பொறுப்பு பள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பொருள்களுக்கு விலை நிர்ணயிப்பது போன்ற கருமங்களை அரச அலுவலர் தனித்து முடிவு செய்யாது இவ்விரு குழுக்களுடனும் சேர்ந்தே செய்யவேண்டும் எனப்பட்டது. தமக்கு அநீதி நேருமாயின், செலுத்தவேண்டிய சுங்கத்தையும் நிறைகூலியையும் நிறுத்திவைத்து நியாயம் பெறும் உரிமையும் அவற்றுக்கு இருந்தது. சிறுபான்மையினருக்கு வாய்மொழி உறுதி மட்டும் அளிக்காமல், அது மீறப்பட்டால் என்ன செய்யலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தது அந்த அரசு.

இத்தகைய மண்ணிற்கே ஜோர்தானுஸ் என்னும் பிரெஞ்சு நாட்டு டொமினிக்கன் துறவி வந்து சேர்ந்தார். அவரது பயணம் துயரத்துடனேயே தொடங்கியது. 1321இல் பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவில், அவருடன் வந்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் சமய விவாதமொன்றின் பின்னர் அந்நகர அதிகாரத்தினரால் கொல்லப்பட்டனர். அவர்களை அடக்கம் செய்த ஜோர்தானுஸ் மனந்தளராது பணியைத் தொடர்ந்து, பின்னர் ஐரோப்பா மீண்டார். அவினியோன் நகரில் 1329 ஆகஸ்டில் கொல்லத்தின் ஆயராக நியமிக்கப்பட்டார். புதிய மறைமாவட்டம் பாரசீகத்தின் சுல்தானியா பேராயத்தின் கீழ் வைக்கப்பட்டது. தாம் கண்ட நாடுகளைப் பற்றி இலத்தீனில் அவர் எழுதிய நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பயன்படுகிறது.

தாணாவில் நேர்ந்தது கொல்லத்தில் ஏன் நேரவில்லை? விடையை அடுத்த தலைமுறையினர் இருவரின் குறிப்புகளில் காணலாம். 1340களில் கொல்லம் வந்த இப்னு பதூதா, அது மலபாரின் மிகச் சிறந்த நகரங்களுள் ஒன்று என்றும், அங்கு செல்வம் மிக்க முஸ்லிம் வணிகரும் அழகிய பள்ளிவாசலும் உண்டென்றும், அரசன் முஸ்லிம்களை மதிப்பவன் என்றும் எழுதினார். அதே பத்தாண்டில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாப்பரசரின் தூதர் மரிஞ்ஞோல்லி ஓராண்டுக்கு மேல் அங்கு தங்கினார். புனித ஜோர்ஜ் பெயரில் இலத்தீன் தேவாலயம் ஒன்று இருந்ததையும், மிளகு நிறுக்கும் துலாக்கோல் தோமையார் கிறிஸ்தவர்களின் கையில் இருந்ததையும், அந்த வருவாயில் தமக்கு மாதந்தோறும் நூறு பொற்பணம் கிடைத்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். 849இல் எழுதப்பட்ட உரிமை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளின் பின்னும் நடைமுறையில் இருந்தது என்பதே இதன் பொருள். அந்நம்பிக்கையின் மேலேயே ஆயர் பீடம் எழுந்தது. இவ்விரு பயணிகளுமே இலங்கைக்கும் வந்து ஆதம் மலை பற்றி எழுதியவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்நம்பிக்கையைச் சிதைத்தது சமய வேற்றுமை அன்று. வணிகத்தைத் தனியுடைமையாக்கும் ஆசையே. 1503இல் போர்த்துக்கேயர் கொல்லத்தில் பண்டசாலை அமைத்தனர். மிளகு முழுவதும் தமக்கே வேண்டும் என்று அரபுக் கப்பல்களைத் தடுத்ததால் 1505இல் மூண்ட கலவரத்தில் அவர்களது பண்டசாலைத் தலைவரும் அவருடன் இருந்தவர்களும் தேவாலயத்தினுள்ளேயே மாண்டனர். 1519இல் அங்கு கோட்டை எழுந்தது. இத்தனியுரிமைக் கொள்கையால் முஸ்லிம்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. 1599இல் உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தின் வழியே பழைய கிறிஸ்தவர்களின் மரபும் நெருக்கப்பட்டது. ஜோர்தானுஸின் மறைமாவட்டம் தொடர்ச்சியற்றுப் போய், 1886இலேயே மீண்டும் நிறுவப்பட்டது.

இதே வரலாறு எமது கரையையும் தொட்டது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பர். முன்பே இங்கு வாழ்ந்த முஸ்லிம்களுடனும் தமிழருடனும் அவர்கள் கலந்தனர். கொல்லத்தைக் குலைத்த அதே கை விரட்டியவர்களுக்குக் கிழக்கு மண் இடமளித்தது.

இன்று கல்முனையில் கார்மேல் பற்றிமா, உவெஸ்லி, சாஹிறா ஆகிய கல்லூரிகள் ஒரே நகரில் இயங்குகின்றன. கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றமும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பும் அயலவரும் அறிந்த விழாக்கள். ஆயினும் 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வழிபட வந்தோரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். ஐந்து நாட்களின் பின், சாய்ந்தமருதுவில் ஒளிந்திருந்தோர் மீது ஐயம் கொண்டு பாதுகாப்புத் தரப்புக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. அது இக்காலத்தின் சாட்சிக் கையொப்பம் என நாம் கருதுகிறோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் உண்ணாவிரதம் வரை சென்றதையும் நாம் மறந்துவிட முடியாது.

அயலவர் நல்லவர் என்ற எண்ணத்தை மட்டும் நம்பிக் கொல்லத்தவர் வாழவில்லை. ஒருவரின் உரிமையை மற்றவர் முன்னிலையில் எழுதினர்; மற்றவர் அதில் ஒப்பமிட்டனர்; துலாக்கோலைப் பொதுவில் வைத்தனர். எல்லையும் நிலமும் வளமும் பற்றிய எமது பிணக்குகளுக்கும் தீர்வு அவ்வழியிலேதான் உள்ளது. தமிழரின் உரிமைப் பத்திரத்தில் முஸ்லிம்களும், முஸ்லிம்களின் உரிமைப் பத்திரத்தில் தமிழரும் சாட்சியாக ஒப்பமிடும் நாளிலேயே இக்கரையின் ஊர்கள் அச்சமின்றி உறங்கும்.