குப்பைத் தொட்டிக்குப் பலகைக் கூண்டு



வீட்டுக்கு வெளியே நிற்கும் சக்கரக் குப்பைத் தொட்டியை நாயும் குரங்கும் உருட்டாமலிருக்கப் பலகைக் கூண்டு வைப்பது நல்லதுதான். ஆனால், அது எலிக்கு வீடாகிவிடக் கூடாது. எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

ரப்பர் பலகை மழையில் இற்றுப்போகும், கறையானும் விடாது. செங்கால் மரம் தாங்கும். காசு போதாவிட்டால், மருந்து ஏற்றிய பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

120 லிட்டர் தொட்டி சுமார் 50 சென்டிமீட்டர் அகலம், 95 உயரம் இருக்கும். உங்கள் தொட்டியை அளந்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். கூண்டுக்குள் தொட்டி மூடி முழுசாகத் திறக்க வேண்டும்.

அடியில் பலகை போடாதீர்கள். எலி அதற்குக் கீழேதான் குடியேறும். சிமெண்டுத் தளமே நல்லது, கழுவவும் சுலபம். காற்றுக்கு விடும் இடைவெளிகளில் 6 மில்லிமீட்டர் கண் கம்பிவலை அடியுங்கள். கூரை சாய்வாக இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு ஏழெட்டு நாளில் வளர்ந்து பறந்துவிடும்.

கூண்டு இருந்தாலும் தொட்டியை மூடியே வையுங்கள். குப்பையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எலி நடமாடும் இடத்தில் புழங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். உடனே கிளினிக்குக்கு வந்து, எலி இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.