எழுதியது யார்?

150 பேர் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொருவருக்கும் பெயருக்கு 16 பைட், அதை ஒட்டி ஓர் எண்ணுக்கு 4 பைட். அந்த எண்களில் ஏதோ ஒன்று, எப்போதாவது, 0 ஆகிவிடும். 37 இருந்த இடத்தில் 0. நிரலில் அந்த எண்ணை மாற்றும் வரிகள் மூன்றுதான், மூன்றிலும் குற்றமில்லை. இரண்டு நாள் தேடிக் களைத்த என்னிடம் உடன் வேலை பார்த்த அக்கா ஒருவர் சொன்னார்: "அந்தப் பக்கத்துக்கு எழுதுற அனுமதியை எடுத்துடு. எவன் எழுத வர்றானோ அவன் மாட்டிக்குவான்."

நிரலுக்குக் கிடைக்கும் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கிறது. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணையில் 64 பிட் அளவில் ஒரு பதிவு உண்டு. பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்ற விவரமே அதில் பெரும்பகுதி. அனுமதிக்குச் சில பிட்கள் போதும். ஒரு பிட் அணைந்திருந்தால் எழுத முடியாது. கடைசிப் பிட் எரிந்தால் அங்கிருப்பதைக் கட்டளையாக ஓட்ட முடியாது. நிரல் ஒரு பைட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் பிராசசரே இந்த அனுமதியைச் சரிபார்க்கிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை நடக்கும் இந்தச் சோதனைக்கு எந்த மென்பொருளும் உடனிருப்பதில்லை. அத்துமீறல் என்றால் அந்தக் கட்டளை நடப்பதற்கு முன்பே பிடிபட்டு, கட்டுப்பாடு இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் போகிறது. லினக்ஸில் நிரல் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று சொல்லி விழுவது பெரும்பாலும் இதனால்தான். அந்தச் செய்தியைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல் வருவதில்லை. காவலாளி விழித்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஓட்டுவதைத் தடுக்கும் அந்தக் கடைசிப் பிட், இந்த வகைப் பிராசசர்களுக்கு 2003இல் ஏஎம்டி வழியாகத்தான் வந்தது. அதற்கு முன் அவற்றில், படிக்க முடிந்த பக்கத்தை ஓட்டவும் முடிந்தது. தரவு என்று அனுப்பியதைக் கட்டளையாக ஓடவைத்தால் என்ன ஆகும் என்பதை 1988 நவம்பரில், வேறு வகைக் கணினிகளில், தானாகவே பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் காட்டியிருந்தது. 512 பைட் இடத்தில் அதைவிட நீளமான செய்தியைத் திணித்து, அந்தச் செய்திக்குள் இருந்த கட்டளைகளையே அது ஓடவைத்தது.

லினக்ஸில் படிக்க 1, எழுத 2, ஓட்ட 4. வேண்டியதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தரவுப் பக்கத்துக்கு 3, கட்டளைப் பக்கத்துக்கு 5. நான் 3ஐ 1 ஆக்க வேண்டும். ஆனால் ஒரு நிரல் இன்னொரு நிரலின் பக்க அனுமதியை மாற்ற லினக்ஸில் நேரடி வழி கிடையாது. விண்டோஸில் உண்டு. லினக்ஸில் ஜிடிபி என்ற டிபக்கர், அதாவது பிழை தேடும் கருவி, செய்வது வேறு. நிரலை நிறுத்துகிறது, பிராசசரில் அதன் நிலையைத் தாங்கும் ரெஜிஸ்டர்களைக் குறித்துவைக்கிறது, 'எம்புரொடெக்ட்' என்ற அழைப்பை அந்த நிரலே செய்வதுபோல் ஓடவைக்கிறது, பிறகு ரெஜிஸ்டர்களைப் பழையபடி வைத்துவிடுகிறது. மயங்கிக் கிடப்பவர் விரலைப் பிடித்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது மாதிரி. எழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது, பத்திரத்திலோ ரேகை இருக்கும்.

பிராசசரிலேயே முகவரியைக் கண்காணிக்கும் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் 4 தான். எனக்கு 150 எண்கள். பக்க அனுமதிக்கு அந்தக் கணக்கு இல்லை. என் பட்டியல் 3000 பைட், ஒரே பக்கத்துக்குள் இருந்தது.

பூட்டைப் போட்டு ஓடவிட்டேன். உடனே நின்றது, ஆனால் பிடிபட்டது நியாயமான வரி. பெயர்களும் அதே பக்கத்தில்தானே இருக்கின்றன? பெயர் எழுத வருகிறவர்களும் கதவில் முட்டத்தான் செய்வார்கள். விண்டோஸில் ஆலிடிபக் போன்ற டிபக்கர்கள் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும்: வந்தவர் தொடவந்த முகவரியைப் பார்த்து, தேடும் இடமில்லை என்றால் பூட்டைத் திறந்து, ஒரே ஒரு கட்டளையை ஓடவிட்டு, மறுபடி பூட்டிவிடும். ஒரு கட்டளைக்கு மட்டும் கதவைத் திறந்து மூடும் அந்தத் துல்லியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான். அதையே ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி ஜிடிபியிடம் கொடுத்தேன்.

பல்லாயிரம் தடவை திறந்து மூடிய பிறகு நின்றது. மாற்ற வந்தது எண்ணுக்குரிய பைட். வந்தவனோ பெயரைப் படியெடுக்கும் வரி.

பெயர் முடிந்தது என்று காட்ட அதன் பின்னால் ஒரு 0 எழுதுவது சி மொழியின் வழக்கம். 16 பைட் இடத்தில் பெயர் 15 பைட்டுக்குள் இருக்க வேண்டும். நிரல் 16க்கு மேற்பட்டதைத் தடுத்தது. சரியாக 16ஐ விட்டுவிட்டது. அந்த நீளத்தில் பெயர் வந்தால் 0 அடுத்த பைட்டில், அதாவது எண்ணின் முதல் பைட்டில் விழும். 37 முழுவதும் அந்த ஒரு பைட்டில்தான் இருந்தது.

ஏன் எப்போதாவது மட்டும்? பெயர்கள் தமிழில் இருந்தன. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; வெறும் தமிழ்க் குறிகளால் ஆன பெயர் 15 பைட் வரும், 18 வரும், 16 வரவே வராது. இனிஷியலுக்குப் பின் வைக்கும் புள்ளிக்கு 1 பைட். ஐந்து குறிகளும் ஒரு புள்ளியும் கொண்ட பெயர் வரும்போதெல்லாம் ஓர் எண் அழிந்துகொண்டிருந்தது.