குத்தகை வண்டி: கொள்ளலும் விடலும்

ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமை வேறு. அதனை உடைமையாக்கும் உரிமை வேறு. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுவோன் விளைவுக்கு உரியவனேயன்றி நிலத்துக்கு உரியவனாகான். இவ்வேறுபாடு மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். இலங்கையில் ‘லீசிங்’ என வழங்கும் முறையிற் பெரும்பாலும் வண்டியின் விலை முழுவதும் தவணைப்பணத்தில் அடங்கிவிடும். இறுதித் தவணை தீர்ந்ததும் வண்டி குத்தகையாளரின் உடைமையாகும். ஆதலின், வாங்குவதா விடுவதா என்னும் வினா இங்குப் பெரிதும் எழுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு.

அங்கு மக்கள் தம் சொந்தப் பாவனைக்கு எடுக்கும் வண்டிக் குத்தகை பெரும்பாலும் மூன்றாண்டு அளவினது. தவணைப்பணம் வண்டியின் முழு விலையையும் ஈடுசெய்வதன்று. அக்காலத்திற் குறையும் பெறுமதியையும் வட்டியையொத்த கட்டணத்தையுமே ஈடுசெய்வது. மூன்றாண்டின் பின் வண்டி என்ன விலை பெறும் என்பதை நிறுவனம் தொடக்கத்திலேயே மதிப்பிட்டு உடன்படிக்கையில் எழுதிவிடும். இதுவே எஞ்சிய பெறுமதி எனப்படும். 30,000 டொலர் விலையுள்ள வண்டிக்கு எஞ்சிய பெறுமதி 18,000 டொலர் எனக் கொண்டால், குத்தகையாளர் செலுத்துவது இடைப்பட்ட 12,000 டொலரும் கட்டணமும் வரியுமாம். காலம் முடிந்ததும் 18,000 டொலர் கொடுத்து வண்டியை வாங்கலாம். அன்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், எஞ்சிய பெறுமதி என்பது மூன்றாண்டுக்கு முன் செய்த ஊகமேயன்றி வண்டியின் இன்றைய விலையன்று என்பதாம். சந்தை விலை அதனினும் ஏறியிருப்பின் குத்தகையாளர் வாங்கி நயம் பெறலாம். இறங்கியிருப்பின் திருப்பிக் கொடுத்து நட்டத்தை நிறுவனத்தின்பால் விடலாம். வாங்குவது அவருடைய உரிமை, கடமையன்று.

இவ்வுண்மையை 2021, 2022ஆம் ஆண்டுகள் நன்கு விளக்கின. கொரோனாத் தொற்றின் பின் குறைகடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, புதிய வண்டிகளின் உற்பத்தி குன்றிற்று; பழைய வண்டிகளை நாடுவோர் பெருகினர். 2022 ஜனவரியுடன் முடிந்த பன்னிரண்டு மாதத்திற் பழைய வண்டிகளின் விலைச்சுட்டி 40 வீதத்துக்கு மேல் உயர்ந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட எஞ்சிய பெறுமதிகள் இவ்வுயர்வை அறியாதவை. ஆதலின் அக்காலத்திற் குத்தகை முடிந்த பலர்க்கு வாங்குதலே நலமாயிற்று. விலையை விசாரியாது வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தோர், தமக்குரிய நயத்தைத் தாமறியாமலே பிறர்க்கு அளித்தோராயினர்.

நிற்க, சந்தை விலையை மட்டும் நோக்குதலும் போதாது. திருப்பிக் கொடுப்பதற்கும் செலவுண்டு. குறித்த மைல் அளவைக் கடந்து ஓடிய தூரத்துக்கும், இயல்பான தேய்வுக்கு மேற்பட்ட சேதத்துக்கும் பணம் அறவிடப்படும். மீளக் கையளிக்கும் கட்டணமும் பல உடன்படிக்கைகளில் உண்டு. மேற்கூறிய வண்டி அளவுக்கு மேல் 6,000 மைல் ஓடியதெனவும், அதன் சந்தை விலை 17,000 டொலரெனவும் கொள்க. மைலுக்கு 20 சதமாக 1,200 டொலரும், கையளிப்புக் கட்டணமாக 400 டொலரும் செலுத்தவேண்டின், திருப்பிக் கொடுத்து அதேபோன்ற வண்டியொன்றைச் சந்தையில் வாங்க 18,600 டொலர் செல்லும். கையிலுள்ள வண்டியோ 18,000 டொலருக்குக் கிடைக்கும். எஞ்சிய பெறுமதி சந்தை விலையினும் கூடியிருந்தும் வாங்குதலே சிக்கனமாதல் காண்க. வாங்கும்போது விற்பனை வரியும், சில உடன்படிக்கைகளில் வாங்கற் கட்டணமும் சேரும். அவற்றையும் கூட்டியே முடிபு செய்தல் வேண்டும்.

வண்டியின் நிலையும் ஆராயத்தக்கது. உற்பத்தியாளரின் பொது உத்தரவாதம் பெரும்பாலும் மூன்றாண்டு அல்லது 36,000 மைல் அளவினது. குத்தகை முடியும் வேளையில் அதுவும் முடிவுறும். அதன்பின் வரும் திருத்தச் செலவு உடைமையாளரைச் சாரும். ஆதலின் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு பரிசோதித்தல் நன்று. எனினும், மூன்றாண்டு ஓட்டிய வண்டியின் குணங்குறைகளை ஓட்டியவர் அறிவார்; சந்தையில் வாங்கும் பிறிதொன்றின் வரலாற்றை அவ்வளவு அறியார்.

“இதுகாறும் செலுத்திய பணம் வீணாகுமே” என்று கருதி வாங்குவோரும் உளர். அப்பணம் வண்டியைப் பயன்படுத்தியமைக்கு ஈடாயிற்று. வாங்கினும் விடினும் அது மீளாது. இனிச் செல்லும் பணமே கணக்கில் எடுக்கத்தக்கது.

வாங்கும் உரிமை எல்லா உடன்படிக்கைகளிலும் இருப்பதில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1996இல் குத்தகைக்கு விடத் தொடங்கிய ஈ.வீ.1 என்னும் மின்வண்டியை, வாங்க விரும்பியோருக்கும் விற்கவில்லை. மீட்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை நசுக்கி அழிக்கப்பட்டன. அந்நாட்டின் 1976ஆம் ஆண்டு நுகர்வோர் குத்தகைச் சட்டம், வாங்கும் உரிமை உண்டா, உண்டெனின் விலை யாது என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்குமாறு விதிக்கின்றது. ஆதலின் குத்தகை முடிவில் எழும் வினாவுக்குரிய விடையின் முதற்பகுதி, கையொப்பமிடும் நாளிலேயே உடன்படிக்கையில் உள்ளது. மறுபகுதி முடிவுநாளின் சந்தையில் உள்ளது. இரண்டையும் ஒருங்கே வைத்துக் கணக்கிடுவோர் இழப்பது அரிது.